முப்பத்தாறாயிரம் குரோனர்

ஸ்வான்டே இரண்டையும் மேசைமேல் கிடத்தினான்,
அடியில் ஒரு பச்சைத் துணி விரித்து.
"தொட்டுப் பார். தொட்டால் காசில்லை."

இடப்பக்கம் ஏழாயிரம்.
கறுப்பு பிளாஸ்டிக் கட்டை. அச்சில் வார்த்த தழும்பு
வயிற்றின் நடுவே ஓடுகிறது.
தாழை இழுத்தால்
மணல் விழுந்த இழுப்பறைபோல்
முனகிக்கொண்டு வருகிறது.

வலப்பக்கம் நாற்பத்து மூன்றாயிரம்.
அக்ரூட் மரக்கட்டை. உள்ளே ரேகைகள்
தண்ணீரில் சிந்திய எண்ணெயாய் வளைந்து போகின்றன.
கைப்பிடியை உயர்த்திச் சற்றே சாய்த்தேன்.
நான் இழுக்கவில்லை. தாழ் தானாக வந்தது.

குளிர்காலம் முழுக்க, ஸ்ட்ரோம்சுண்டிலிருந்து வடக்கே
பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள் நான்.
பிரிந்தபோது ரோகர் இரும்பு அலமாரியை எடுத்துப்போனான்,
உள்ளே இருந்ததோடு சேர்த்து.
நாய் எனக்கு வந்தது.
நாய்க்கு விலை போட
வக்கீலுக்குத் தெரியவில்லை.

வித்தியாசத்தைத் தலைக்குள்ளேயே
செலவு செய்து பார்த்தேன்:
நான்கு குளிர்கால டயர்,
கூரையின் வடபக்கத் தகரம்,
அப்படியும் மிச்சம். மிச்சத்தில் அறுநூறு தோட்டா.

"எது சரியாகச் சுடும்?"
ஸ்வான்டே மோவாயைச் சொறிந்தான்.
"நூறு மீட்டரில் இரண்டும் ஒரே தீப்பெட்டிக்குள் போடும்.
அந்தத் தீப்பெட்டிக்குள் நீ போடுவாயா,
அது எனக்குத் தெரியாது."

ஏழாயிரத்தைக் காட்டி விரல் நீட்டினேன்.
உரிமம் வர ஆறு வாரம்.
ஜூலை மாலைகளில், தண்டவாளத்தில் ஓடும்
பலகை மூஸைச் சுட்டேன். சுட்டுக்கொண்டே இருந்தேன்.
தோள் நீலமாகிப் பிறகு மஞ்சளானது.

செப்டம்பரின் முதல் திங்கள்.
ஏழாம் நிலை, சதுப்பின் ஓரம்.
"நாய் குரைக்கிறது, உன் பக்கம்தான்"
என்றது வாக்கிடாக்கிக்குள் தூரேயின் குரல்.
பிர்ச் மரங்களுக்கிடையில்
முதலில் கால்கள் வந்தன, வெளிறிய நாலு கால்கள்,
மேலே உடம்பு இருப்பதே தெரியாததுபோல.

உயர்த்தினேன்.
ஜாக்கெட்டின் ஜிப் கட்டையில் உரசியது.
காலி டப்பாவில் நகம் பட்ட சத்தம்,
அவ்வளவுதான்.
காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பின.
பிறகு அங்கே பிர்ச் மரங்கள் மட்டும்.

அந்த நொடி யாராவது கேட்டிருந்தால்
கூரையைக் கழற்றிக் கொடுத்திருப்பேன்.

எட்டாம் நிலையில் பிர்கர்.
அவனுடையது அக்ரூட்.
ஒரு வெடி. வெகுநேரம் கழித்து
"பட்டது. எங்கே என்று தெரியவில்லை."
அந்தக் குரலை
யாரும் எந்த விலைக்கும் வாங்கமாட்டார்கள்.

தூஸ்ஸாவைக் கயிற்றில் பிடித்து ஐந்து மணி நேரம் நடந்தோம்.
ரத்தம் லிங்கன்பெரி இலைமேல் இருந்தது,
பிறகு இல்லை,
பிறகு ஒரு கல்லின்மேல், நாணயம் அகலத்துக்கு.
மழை பிடித்தது.
பிர்கர் துப்பாக்கியைக் கோட்டுக்குள் செருகிப்
பொத்தான் போட்டுக்கொண்டான்,
கைக்குழந்தைக்காரன்போல.
என்னுடையது நனைந்தது.

ஓடைக்கு இப்பால் படுத்திருந்தது.
எங்களைப் பார்த்து முன்னங்கால்களால் எழப் பார்த்தது.
அவன் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.
நான் சுட்டேன்.
தாழ் முனகிக்கொண்டு திறந்தது.
காலித் தோட்டா ஈரப்பாசியில் விழுந்து
கொஞ்சம் புகைந்தது.

தோலுரிக்கும் கொட்டகையில், என்னைப் பார்க்காமல்,
பிர்கர் கேட்டான்: "எவ்வளவு கொடுத்தாய்?"
சொன்னேன்.
ஏற்கெனவே கூராயிருந்த கத்தியைத்
தீட்டிக்கொண்டே இருந்தான்.

கட்டைமேல் இப்போது துணிநாடா ஒட்டியிருக்கிறேன்.
பார்க்கச் சகிக்கவில்லை. சத்தம் வருவதில்லை.

நவம்பரில் தோட்டா வாங்கப் போனபோது
வலப்பக்கத்தது இன்னும் விற்காமல் இருந்தது.
கேட்காமலே ஸ்வான்டே
பச்சைத் துணியை விரித்தான்.

நான் கையுறையைக் கழற்றினேன்.