ஈரம்: நூற்றுக்கு அறுபத்து நான்கு

லாரி கொட்டியதைத் தார்ப்பாயில் கூம்பாகக் குவித்து
நான்காகப் பிளந்தோம்.
எதிரெதிர்க் கால்பங்குகளைத் தள்ளிவிட்டு
மிச்சத்தை மறுபடி குவித்து
மறுபடி பிளந்தோம்,
ஒரு நகரம் ஒரு வாளிக்குள் அடங்கும்வரை.

கிசுமுவில் அப்போது சின்ன மழைக்காலம்.
ஒபுயா தராசைப் பிடித்தார். நான் எழுதினேன்:
வாழைத்தோல். சோளச் சக்கை.
ஏரி மீனின் முள், செதில்.
யாரோ பாதியில் எறிந்த உகாலி உருண்டை,
அதில் மூன்று விரல்களின் பள்ளம்.
சிவப்புக் கோப்பை ஒன்றின் காது மட்டும்.
டயபர். டயபர். டயபர்.

நூற்றைந்து பாகை அடுப்பில் ஒரு பகல், ஓர் இரவு.
காய்ந்ததை எடை போட்டேன்.
போனது நூற்றுக்கு அறுபத்து நான்கு.
எரிக்கச் சொல்லி
எங்களிடம் தந்திருந்தது பெரும்பாலும்
ஏரியை.

மன்றத்துக்கு மூன்று பேர் வந்தார்கள்.
முதலாமவரின் படத்தில் புகைபோக்கி வெள்ளை,
பின்னால் பனிமலை, புகையே இல்லை.
எண்ணூற்றைம்பது பாகை என்றார்,
முப்பதாயிரம் வீட்டுக்கு விளக்கு என்றார்.
இரண்டாமவர் "நாங்கள் எரிப்பதே இல்லை" என்று தொடங்கினார்.
காற்றைக் குறைப்பார்களாம், குப்பை வாயுவாகுமாம்.
"எங்கே ஓடுகிறது?" என்றார் பொறியாளர் வாசுங்கா.
முன்னோடித் திட்டம் ஒன்று இருக்கிறது என்றவர்
ஊர்ப் பெயரைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கினார்.
மூன்றாமவர் பஸ்ஸில் வந்தவர்.
செருப்பில் சாணி காய்ந்திருந்தது.
பசுவின் வயிற்றைப் பற்றியே
பத்து நிமிடம் பேசினார்.

ஒப்பந்தத்தின் நாற்பத்தோராம் பக்கம்:
தினம் நானூறு டன் தர வேண்டும்.
குறைந்தால் நகரம் அபராதம் கட்டும்,
இருபத்தைந்து வருடம்.
"நாங்கள் குப்பையைக் குறைத்துவிட்டால்?"
"குறைக்க மாட்டீர்கள்," என்றார் முதலாமவர்,
அன்பாகத்தான்.
யானையையும் விற்றுவிட்டு
கரும்புக் கொல்லைக்கு ஜாமீனும்
நம்மிடமே கேட்கிற வியாபாரம்.

கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள் நியாகுதி.
மேட்டில் பொறுக்கும் முப்பது பெண்களின் கணக்கு
அவள் நோட்டில் இருக்கிறது.
"உங்கள் நெருப்புக்கு என்ன பிடிக்கும்?
காகிதம், அட்டை, பாட்டில்.
எனக்கும் அதேதான் பிடிக்கும்.
அதற்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறீர்கள்.
எனக்கு இருப்பது இந்தக் கொக்கிக் கம்பி."
அதை அவள் மேசைமேல் வைத்தபோது
கண்ணாடியில் கீறல் விழுந்தது.
யாரும் கேட்கவில்லை.

பிறகுதான் என் தாளைக் கேட்டார்கள்.
ஒரே எண்ணைப் படித்தேன்.
"ஈரமென்றால் கொஞ்சம் டீசல் சேர்க்கலாம்" என்றது ஒரு குரல்.
சிரித்தார்கள்.
பொருளாளர் மட்டும் சிரிக்கவில்லை.
டீசல் பில்லில் கையெழுத்து அவருடையது.

சந்தைக்குப் பின்னால் வந்தது பச்சைத் தொட்டி.
வெற்றி என்று எழுத மாட்டேன்.
ஆரஞ்சுக் காலத்தில் அளவு தெரியாமல் ஊட்டினோம்,
அதற்கு வயிறு புளித்தது.
சுண்ணாம்பு கரைத்து ஊற்றி
ஒன்பது நாள் பட்டினி போட்டோம்.
ஒபுயா அதன் விலாவில் காது வைத்து
ஆஸ்பத்திரி வராந்தா உறவுக்காரரைப் போல உட்கார்ந்திருந்தார்.
பத்தாம் நாள்
ஒற்றை அடுப்பில் நீலமாக ஏதோ பிடித்தது.
தேநீர் போட்டோம்.
சர்க்கரை இல்லை.

இன்னும் ஒரு குவியல் இருக்கிறது.
பசு தின்னாதது,
நியாகுதியின் கொக்கி தொடாதது,
நெருப்பு வாங்கினாலும் டீசலோடுதான் என்பது.
என் அறிக்கையில் அதற்கொரு வரி உண்டு,
எடை உண்டு,
"பரிந்துரை" என்ற கட்டம் காலி.
மழை பெய்யும்போதெல்லாம்
அந்த டயபர்கள் இன்னும் கொஞ்சம் குடிக்கின்றன,
இன்னும் கொஞ்சம் பருக்கின்றன,
ஏதோ ஒரு குழந்தை
இன்னும் உறங்குவதைப் போல.