ஏதாவது ஒரு விசை

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
எடைமேடை அறையில் இரவு பதினொன்றேகால்.
வெளியே நான்கு லாரி,
மூன்றில் தேங்காய், ஒன்றில் நார்.

ஏதாவது ஒரு விசையை அழுத்து என்றது திரை.
அழுத்தினேன். கேட்டது.
கோப்புகள் இறங்கின, நீலம் பரவியது,
என்ன மொழி என்று கேட்ட இடத்தில்
செத்துப்போனது கீபோர்டு.

நம்லாக்கைத் தட்டினேன்.
மூலையில் எரியவேண்டிய பச்சைப் பொட்டு எரியவில்லை.
மவுஸும் அப்படியே.
ஆறு துளையிலும் மாற்றி மாற்றிச் செருகினேன்.
இன்று காலை பொள்ளாச்சியில் வாங்கியது,
பில்லின் மை கூடக் காயவில்லை.

பயாஸுக்குள் போனால் துள்ளுகிறது,
மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே.
வெளியே வந்தால் ஊமை.
அங்கே போர்டு அதைக் கைபிடித்து நடத்துகிறது,
இங்கே இருப்பவனுக்கு
இந்தத் துளை பிறந்த சேதியே தெரியாது.

"அப்ப புது விண்டோஸே போட்டுருங்க" என்றார் நாச்சிமுத்து.
போடலாங்க,
உங்க எடை சாஃப்ட்வேர் எழுதுனவரு துபாய் போயி எட்டு வருசம்.
அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.
ஆடை படிந்திருந்தது.

ஜன்னலில் டிரைவர் யாகப்பன்:
"ஏதாச்சும் ஒண்ண அமுத்துனா போதும்னுதானே போட்டிருந்துச்சு?"
அது முந்தின திரைங்கண்ணா.

பின்பக்கம் ஒட்டடை துடைத்தபோது தெரிந்தது
வட்டமாய் ஒரு துளை,
பாதி ஊதா, பாதி பச்சை.
அதற்குப் பொருந்தும் கீபோர்டுகளைத்தான்
போன தீபாவளிக்கு நான்
கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு எடைக்குப் போட்டேன்.

அந்தப் பக்கம், இருநூறு தப்படியில்,
கால்நடைச் சோதனைச் சாவடி.
தூக்கத்தில் இருந்த பிரசன்னன்
கேள்வி கேட்காமல் கணினியை அணைத்து உருவிக் கொடுத்தார்.
"ராவிலெ கோழி வண்டி வருமும்பே திரிச்சுத் தரணும்."

விசைகள் முழுக்க மலையாள ஸ்டிக்கர்.
ஆறு ஊசியில் ஒன்று சாய்ந்திருந்தது,
சேலை ஊக்கால் நிமிர்த்தினேன்.
ஓடும்போது செருகினால் இதற்கு ஆகாது.
அணைத்து, செருகி, உயிர் கொடுத்தேன்.

நம்லாக்.
பச்சைப் பொட்டு.
சொல்லத் திரும்பினால்
நாச்சிமுத்து லாரிக்காரர்களிடம் சண்டையில் இருந்தார்.

நேரமும் காசும் எந்த ஊர்ப்படி என்று கேட்டது.
தமிழ் இருந்தது, மலையாளமும்.
சீட்டு எப்போதும் ஆங்கிலத்தில்தான் அடிக்கும்,
அதையே விட்டேன்.
பாஸ்வேர்டு அடிக்கும்போது மட்டும்
கண்ணை மூடிக்கொண்டேன்,
ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதை விரல் அறியும்.

துளைக்கான டிரைவரைப் போட்டதும்
புதுசும் விழித்துக்கொண்டது, ஒன்றும் நடக்காததுபோல.
இரண்டு நாற்பதுக்கு
நார் லாரி மேடையில் ஏறியது.

ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினேன்.
பிரசன்னன் மேசையில் கன்னம் வைத்திருந்தார்,
கணினியோ ஓடிக்கொண்டிருந்தது,
யாரோ போட்டுவிட்டிருக்கிறார்கள்.
எழுப்புவதா என்று நின்றேன்.
சீக்கிரமே வந்துவிட்ட கோழி வண்டியொன்று
விளக்கணைத்து நின்றது.
உள்ளே அவை
விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன.