மூட்டையைக் குத்திப் பார்ப்பவள்

ட்ரியெஸ்தே துறைமுகம், ஏழாம் கிடங்கு.
என் கையில் ஒரு குழல் ஊசி.
சணல் மூட்டையின் விலாவில் செருகினால்
ஒரு பிடி பச்சைக் காப்பிக்கொட்டை
உள்ளங்கையில் வந்து விழும்.
முகர்வேன், கடிப்பேன், பேரேட்டில் எழுதுவேன்.
சாந்தோஸ் மூட்டை சாந்தோஸைச் சொல்லும்,
மொம்பாசா மூட்டை மொம்பாசாவை.
இருபது வருடத்தில் பொய் சொன்ன மூட்டை மூன்றே மூன்று.

ஊரை அப்படிக் குத்திப் பார்க்க முடியாது.

வரி கிடையாது என்று ஒரு சக்கரவர்த்தி
எங்கோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.
உப்பளச் சேற்றின்மேல் தெருக்கள்
அளவுகோல் வைத்ததுபோல் எழுந்தன.
கிரேக்கர் வந்தனர், யூதர், செர்பியர்,
கடன் தந்தவரும் கடனுக்கு ஓடியவரும்
ஒரே கப்பலில்.
பிறகு கொடிகள்.
கொடி தைத்த ஒலிம்பியா ஷ்கெர்க்
சிவப்புத் துணியை மட்டும் மொத்தமாக வாங்கி வைப்பாளாம்:
எவன் ஜெயித்தாலும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

எங்கள் குடும்பப் பெயர் வோதொபீவெத்ஸ்.
தண்ணீர் குடிப்பவர் என்று பொருள்.
ஒரு குமாஸ்தா அதை பேவிலாக்குவா ஆக்கினார்.
அதற்கும் தண்ணீர் குடிப்பவர் என்றுதான் பொருள்.
மொழிபெயர்ப்பில் கெட்டிக்காரர், குறை சொல்ல முடியாது.
கல்லறையில் அண்ணன் ஒரு பெயரில் கிடக்கிறார்,
பக்கத்திலேயே தம்பி மற்றதில்.

பிப்ரவரியில் போரா இறங்கினாள்.
வாடை என்று சொன்னால் போதாது,
வாடைக்கு ஒரு மரியாதை உண்டு.
இவள் குப்பைத்தொட்டியைத் தெருவில் உருட்டி விளையாடுவாள்,
பாதிரியின் தொப்பியைக் கடலுக்குத் தருவாள்.
அன்று முனைக்கு முனை கயிறு கட்டியிருந்தார்கள்.
பிடித்துக்கொண்டு நடந்தோம்,
நான், ஒரு வக்கீல், மீன்கூடையோடு ஒருத்தி,
எனக்கு முன்னால் கிழிந்த காலணியில் ஓர் இளைஞன்.
மலைகளைத் தாண்டி நடந்தே வந்தவன் என்று
காலணியே சொன்னது.

பதிவு அலுவலகம் வரை அதே கயிறு.
தோர்யாலை, என்றான்.
மேசைக்காரர் எழுதினார்.
எட்டிப் பார்த்தேன், கெட்ட பழக்கம்.
ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
அவனும் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொன்னேன்.
மேசைக்காரர் முறைத்தார்,
அடித்தார், திருத்தினார்,
தாளில் மை பரவி அசிங்கமானது.

வெளியே வந்து, காப்பி வாங்கித் தரட்டுமா என்றேன்.
கையை ஆட்டினான்.
தண்ணீர் போதும்.