எலி விலை

டத்தோ கெராமாட் சாலைக் கோப்பிக்கடையில்
இரவு பதினொன்றுக்கு மேல்தான் எனக்கு வேலை.
நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்தபின்
விலை மாற்றுகிறவன் வரவேண்டும்.
சாப்பிடுகிறவன் கண்ணெதிரே மாற்றக் கூடாது,
அது தொழில் மரியாதை.

ஊய் சியூ பீயின் சார் குவே தியாவ் பலகையில்
ஏழு வெள்ளி ஐம்பது காசு.
சூடு காட்டி உரித்தால் ஏழு.
அதன் கீழ் ஆறரை.
அதன் கீழ் நானே ஒட்டிய ஐந்து,
ஓரம் கோணல், அப்போது கை பழகவில்லை.

எட்டா, எட்டரையா?
அவளுக்கே தெரியவில்லை.
இறால் விலை சொல்கிறாள், முட்டை, கேஸ்,
சிப்பி உரிக்கும் மியன்மார்ப் பெண்ணின் நாள்கூலி,
சொல்லிக்கொண்டே வாணலியைச் சுரண்டுகிறாள்.
இரண்டு எண்ணையும் வெட்டி வை என்கிறாள்.

சரித்திரம் படித்தவள்.
அப்பாவின் தோள் விழுந்தபிறகு
பட்டத்தை வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தவள்.
டாங் அரசர்கள் காலத்தில், என்றாள் மலாயில்,
ஒரு நல்ல வருஷம்.
ஒரு தோ அரிசி மூன்று நாலு கேஷ்.
(தோ என்பது நம் மரக்கால் மாதிரி.)
தலைநகரிலிருந்து தெற்கே கடல்வரை போகிறவன்
கட்டுச்சோறு கட்டவில்லையாம்.

கேஷ் இல்லை, காசு, என்றேன்.
நடுவில் சதுர ஓட்டை போட்ட உங்கள் செம்புக்கு
எங்கள் கரையில் பொறுக்கிய சொல்லைத்தான்
கப்பல்காரன் சூட்டினான்.
ஒரு சொல் கொடுத்ததற்காக
ஒரு தட்டு இலவசம் கேட்காதே, என்றாள்.

பிறகு இன்னொரு வருஷம் சொன்னாள்.
யே என்றொரு நகரம்.
கலகக்காரர்கள் உள்ளே, அரசன் படை வெளியே,
ஆற்றைத் திருப்பிவிட்டு
ஊரையே தண்ணீரில் நிறுத்தியிருக்கிறார்கள்.
சுவரை இடித்து, மண்ணோடு பிசைந்திருந்த உமியைக்
கழுவிக் கழுவி எடுத்துக் குதிரைக்குப் போட்டார்கள்.
ஒரு திக்குஸ், என்றாள்.
ஒரு எலி
நாலாயிரம் காசு.

யானை விலை, குதிரை விலை என்போம் நாங்கள்.
எலி விலை கேட்டதில்லை.

கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
விலை என்று ஒன்று இருந்தால்
விற்றவன் ஒருவன் இருந்திருப்பான்,
வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டியிருப்பான்.
குறைத்துக் கேட்க ஒருவன் வந்திருப்பான்:
சின்ன எலிதானே, மூவாயிரத்து ஐந்நூறுக்குத் தா.
நாலாயிரம் எண்ணிக் கொடுக்கவும்
ஒருவனிடம் இருந்திருக்கிறது.
ஆயிரம் ஆயிரமாய்க் கோத்த நாலு சரம்,
தூக்கினால்
நாலு வயதுப் பிள்ளையின் கனம்.
காசில்லாதவன் என்ன தின்றான் என்று
கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.
அந்த எண்ணை எழுதியவன்
என்னைப் போல் இரவில் வந்தானா?
நேற்றைய எண்ணை உரித்தானா?

சியூ பீ கையைத் துடைத்துக்கொண்டு
எட்டு, என்றாள்.
முட்டை வேண்டாம் என்பவருக்கு ஏழு,
அதையும் சின்னதாய் ஒட்டு.
பள்ளிக் காவலாளி தினமும் அப்படித்தான் கேட்கிறார்.
சின்னதாய் என்றால் எவ்வளவு சின்னது?
அவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

ஒட்டினேன்.
எட்டின் வயிற்றில் பழைய ஏழின் பசை
சிறு மேடாய் நின்றது,
கட்டைவிரலால் தேய்த்தும் போகவில்லை.

என் கூலி பதினைந்து.
போன தடவை பன்னிரண்டு, என்றாள்.
வினைல் விலை ஏறிவிட்டது, என்றேன்.
ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.
ஹர்கா திக்குஸ், எலி விலை, என்று முனகிக்கொண்டே
சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தாள்.

எட்டரை என் பையில் இருக்கிறது.
வெட்டியது வீணாகாது.