பென்சில் புள்ளி

கதிரவெளிப் பள்ளியில் பரிசோதனை நாள்.
சப்பாத்தைக் கழற்றிச் சுவரோடு நின்றான் டிலுக்சன்.
குதி ஒட்டுது, பிடரி ஒட்டுது;
உச்சியில் பலகையை இறக்கினேன்.
நூற்று நாற்பத்து மூன்று.

உயரம் சரி. வயது?
அட்டையில் பதினாலு.
அப்படியென்றால்
கடைசிக் கோட்டுக்கும் கீழே விழுகிறது புள்ளி.
வாழைச்சேனைக்குக் கடிதம் எழுத
பேனையைத் திறந்தேன்.

"பதினாலு இல்ல மிஸ்."
தாயின் விரல்களில் கருவாட்டு உப்பு.
"முகாமில பெத்தது.
பள்ளியில சேர்க்கவெண்டு ஒரு வருசம் கூட்டிப் பதிஞ்சது.
பதின்மூணுதான் கா, மெய்யா."

அழிறப்பர்.
அதே உயரம், ஒரு வருடம் இடப்பக்கம்:
கோட்டுக்கு மயிரிழை மேலே.

எட்டிப் பார்க்கிறான்.
"வளர்ந்திட்டனா மிஸ்?"

ஒற்றைப் புள்ளிக்கு அது தெரியாது மனே.
போன வருடப் பக்கமோ வெறுமை,
அன்றைக்கு இவன் வள்ளத்தில்.

குனிந்தபோதுதான் கண்டேன்:
காற்சட்டை விளிம்பில்
தையல் அவிழ்த்த தடம் இரண்டு,
இன்னும் வெளுக்காத நீலத்தில்.

"இது எப்ப?"
"பொங்கலுக்கு ஒண்டு. மற்றது போன மாசம்."

அட்டையில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
இரண்டு விரற்கடை,
பிறகு ஒன்றரை.

கடிதத்தை இன்னும் கிழிக்கவில்லை.