நகம் பதியும் எலும்பு

கொழுந்து நிறுக்கும் தராசில் ஏற்றினோம் அதை.
நாலு கிலோ.
பழக்கதோஷத்தில்
தண்ணிக்கென்று ரெண்டு கிலோ கழித்தார் கணக்கப்பிள்ளை.
மலையே சிரித்தது.
மிச்ச ரெண்டு கிலோவும் குரைத்தது.

டொபி என்று பெயர்.
கொழும்பில் தங்கச்சி வேலைசெய்த வீட்டார்
மெல்பேர்ன் போகையில்
பழைய மிக்சியோடும் இரண்டு திரைச்சீலையோடும் கொடுத்தது.
பதுளை ரயிலில் மடியிலேயே வந்தது.
இங்கே லயத்து நாய்களுக்கு
எலும்பு என்றால் எலும்பு, அவ்வளவுதான்.

முதல் ஞாயிறு.
சம்பளம் வந்த கிழமை, அரைக்கோழி.
பக்கத்துக் காம்பரா டிலக்சன்
அன்பாகத்தான் போட்டான்
குழம்பில் வெந்த கால் எலும்பை.
வெந்த எலும்பு மூங்கில்போல் பிளக்கும் என்று
அவனுக்கு யார் சொல்வது, எனக்கே தெரியாது.
அண்ணத்தில் குறுக்கே நின்றது சிலாம்பு.
தன் வாயைத் தன் காலால் அடித்துக்கொண்டு
சுற்றிச்சுற்றி வந்தது.
நுவரெலியாவுக்கு ஆட்டோ, இரவு, மூடுபனி.
நானுஓயா வளைவில் ஒருமுறை வாந்தி.
அதுவல்ல, நான்.

இடுக்கியால் எடுத்ததை
வெள்ளைத் தட்டில் வைத்துக் காட்டினார் டொக்டர்.
தையல் ஊசி அளவுதான்.
சிங்களத்தில் சொன்னார், அரைவாசி புரிந்தது.
வெந்தது வேண்டாம்.
வாய்க்குள் முழுசாய்ப் போகிற எதுவும் வேண்டாம்.
பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்:
நகம் பதியாத எதையும் பல்லுக்குக் கொடுக்காதே.

என் கட்டைவிரலைப் பார்த்தேன்.
பத்தொன்பது வருசக் கறை, கழுவிப் போகாத கறுப்பு.
எது கொழுந்து எது முத்தல் என்று
கண்ணுக்கு முன்னால் அறிந்துகொள்கிற நகம்.
வேறு படிப்பு எனக்கில்லை.
இதற்கு வேறு படிப்பு தேவையுமில்லையாம்.

ஆளாளுக்கு யோசனை.
மாசித் துண்டு கொடு என்றாள் செபஸ்தியம்மா. உப்பு.
தேயிலை வேரைக் கொடு, நாளெல்லாம் கடிக்கும் என்றான்
ஸ்டோரில் அடுப்பெரிக்கிற மருதவீரன்.
எத்தனை வருசம் மருந்து குடித்த வேர் அது,
அடித்தவன் அவன்தானே.

தலவாக்கலை டவுனில் ஒரு கடை.
கண்ணாடிக்குள் எலும்புகள்
நகைபோல் தொங்கின.
மான் கொம்பு, நகம் வழுக்கியது.
எருமைக் குளம்பு, என் நகம்தான் ஓரம் நொந்தது.
இருபுறமும் முடிச்சுப்போட்ட தோல் எலும்பு
வெள்ளைவெளேரென்று, அழகுதான்.
ஊறிப் பெருத்தால் தொண்டைக்குள் என்ன செய்யும் என்றேன்.
பையன் பாக்கெட்டைத் திருப்பித்திருப்பிப் பார்த்தான்.
அவனுக்கும் எனக்கும் தெரியாத மொழியில்
நிறைய எழுதியிருந்தது.

ஒன்று மட்டும் பதிந்தது.
பச்சை நிறம், பல்துலக்கி வடிவம்.
விலை, ஒரு பேருக்கும் மேல்.
மழைநாளில் அரைப் பேர் போடுவார்களே,
அதில் மூன்று.
திருப்பிக் கொளுவினேன்.
என் நகத்தின் பிறை அதில் அப்படியே இருந்தது.
பையன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

லயத்துக்குப் பின்னால் ரெண்டு பேர்ச் மண்.
ஒரு பாத்தி லீக்ஸ்,
வெங்காயத்தின் சொந்தக்காரன், நாய் இரத்தத்துக்கு ஆகாது,
கம்பி வலை கட்டியாயிற்று.
அடுத்த பாத்தி கேரட்.
ஒன்றைப் பிடுங்கிக் கழுவி, நகத்தை வைத்தேன்.

நறுக்கவில்லை, துண்டென்றால் விழுங்கிவிடும்.
அதன் மூஞ்சியைவிட நீளமாய்
பனியில் ராவெல்லாம் கிடந்து குளிர்ந்த முழுக் கேரட்.
பக்கத்திலேயே உட்கார்ந்தேன்,
விட்டுவிட்டு எழும்பக்கூடாது.
டொபி முகர்ந்தது.
என்னைப் பார்த்தது, அரைக்கோழியை நினைத்த பார்வை.
பிறகு இரண்டு முன்காலாலும் பிடித்துக்கொண்டது.

கறக்.

பலகைத் தட்டிக்கு அந்தப்பக்கம் டிலக்சன்:
"அக்கா, என்னா திங்கிறீங்க?"

நான் இல்லடா என்றேன்.
கறக்.

"நானும் வரவா?"

வா.
ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிக்கிட்டு வா.