உள்நாட்டு விழுக்காடு

ஒப்பந்தப்புள்ளி நாளை மூன்று மணிக்கு முடிகிறது.
ஓசூர் சிட்கோவில் கரண்ட் போய் வந்ததில்
கணினி மறுபடி கடவுச்சொல் கேட்கிறது.

அஞ்செட்டி, தளி, கெலமங்கலம்:
அங்கன்வாடிகளுக்குக் குழந்தை எடைக்கருவி,
அறுநூற்று நாற்பது.
விலையில் சரிபாதி இந்த நாட்டில் உண்டானால்
முதல் வகுப்பு வழங்குநர்.
குறைந்தால் இரண்டாம் வகுப்பு.
வரிசையில் நிற்கலாம், கூப்பிடுவார்கள் என்று நம்பக் கூடாது.

கூட்டிப் பார்க்கிறேன்.
தட்டு பாகலூர் ரோட்டுப் பட்டறை.
பெட்டி பேடரப்பள்ளி.
திருகாணி ராஜ்கோட், அதுவும் நாடுதான்.
எடையை உணரும் அலுமினியத் துண்டும்
அதை எண்ணாக்கும் சில்லும் மட்டும்
ஷென்ஜென்.
இரண்டும் என் உள்ளங்கையில் அடங்கும்,
விலையில் பாதிக்கு மேல் தின்னும்.

நாற்பத்தேழு புள்ளி ஆறு.

தோளுக்குப் பின்னால் நின்று
வாடகையைச் சேர் என்கிறார் முனிரத்தினம்.
சேர்த்தாச்சு சார்.
ஜெனரேட்டர் டீசல்?
அதுவும்.
ஆயுத பூஜைப் பொரி மட்டும்தான் பாக்கி என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஐம்பதுன்னு போடும்மா,
யார் கழற்றிப் பார்க்கப் போறாங்க.

படிவத்தின் அடியில் சின்ன எழுத்து:
பொய்யென்று தெரிந்தால் இரண்டு வருடம் தடை.

உள்ளே நாகவேணி
ஒவ்வொரு கருவியிலும் இரண்டு கிலோ படிக்கல்லை
வைத்து எடுக்கிறாள்.
ஐந்து கிராம் பிசகினால் சிவப்பு ஸ்டிக்கர்.
இன்றைக்குப் பதினொன்று.
போனவாரம் அவரே கேட்டும்
ஒன்றைக்கூட அவள் பச்சையாக்கவில்லை.

ஒரு கருவி ஆயிரத்து அறுநூற்றைம்பது.
அதில் அவள் கூலி முப்பத்தொன்று.
இரண்டு விழுக்காடுகூட வரவில்லை.

சும்மாதான் அந்தக் கட்டத்தில்
முப்பத்தொன்றை நூற்றுப் பதினொன்றாக்கினேன்.
கீழே எண்கள் தாமாகத் திருந்தின:
ஐம்பது புள்ளி பூஜ்யம் இரண்டு.

சார், ஒரு வழி இருக்கு.

குனிந்து பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தார்.
கருவிக்கு எண்பது ரூபாயா என்றார்,
யாரோ அவரைத் திட்டியது போல.
பிறகு போனை எடுத்துக்கொண்டு
ஷட்டருக்கு வெளியே போய்விட்டார்.

உள்ளே அவள்
அடுத்த கருவியைச் சுவிட்ச் போட்டுவிட்டு நிற்கிறாள்.
பூஜ்யத்தில் நிலைக்கும் முன்
திரை கொஞ்ச நேரம் தத்தளிக்கும்.
அதுவரை
எதையும் அதன்மேல் வைக்கக் கூடாது.

நானும் எதையும் தட்டாமல்
அவர் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருக்கிறேன்.